சால்கினாடோபல் பாலத்தை எப்படிப் பார்ப்பது?

சுவிட்சர்லாந்தின் ஷீர்ஸ் ஊரிலிருந்து ஷூடர்ஸ் என்ற மலைக்கிராமத்துக்கு ஏறும் சாலையில் இருக்கிறது இந்தக் கான்கிரீட் வளைவுப் பாலம். பொறியாளர் ராபர்ட் மயார் வடிவமைத்து, 1930-ல் கட்டி முடிக்கப்பட்டது. மேலே நின்றால் ஒடுக்கமான ஒரு சாலைதான் தெரியும், பாலம் தெரியாது. அதனால் முதலில் பக்கவாட்டில் முழு வளைவும் தெரிகிற இடத்துக்கு இறங்கிப் போங்கள்.

அங்கே நின்று, வளைவு எங்கே மெலிகிறது, எங்கே பருக்கிறது என்று தேடுங்கள். இரண்டு பாதங்களும் நடு உச்சியும் மெலிந்திருக்கும். அந்த மூன்று இடத்திலும் கீல், அதாவது லேசாகத் திரும்பவிடும் இணைப்பு, இருக்கிறது; கீலில் வளைக்கும் விசை பூஜ்யம் என்பதால் அங்கே நிறையக் கான்கிரீட் வேண்டாம். வண்டி ஒரு பாதியில் மட்டும் நிற்கும்போது வளைவு அதிகம் சிரமப்படுவது பாதத்துக்கும் உச்சிக்கும் நடுவில், அதனால்தான் அங்கே அவ்வளவு பருமன். வெயிலிலும் பனியிலும் கான்கிரீட் நீண்டு சுருங்கும்போது, கீல்கள் இருப்பதால் உச்சி லேசாக ஏறி இறங்கிக்கொள்ளும்.

இந்த வடிவம் எங்கிருந்து வந்தது என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. 1901-ல் ட்ஸுவோட்ஸ் என்ற ஊரில் மயார் கட்டிய பாலத்தில், கரையை ஒட்டிய பக்கச் சுவர்களில் இரண்டே வருடத்தில் விரிசல் விழுந்தது. பூசி மறைக்கிற விஷயமாக அவர் அதைப் பார்க்கவில்லை, அந்தப் பகுதி சுமை தாங்கவே இல்லை என்று புரிந்துகொண்டு, 1905-ல் தவனாசாவில் கட்டிய பாலத்தில் அதை வெட்டியே எடுத்துவிட்டார். அந்தப் பாலத்தை 1927-ல் நிலச்சரிவு கொண்டுபோய்விட்டது. அதே யோசனையைத்தான் இங்கே பள்ளத்தின் மேல் 90 மீட்டர் தாண்டும் வளைவாக நீட்டியிருக்கிறார்.

அப்புறம் வளைவின் அடித்தகட்டைக் கவனியுங்கள். ரிச்சர்ட் கோரை கட்டிய மரச்சாரத்தின் மேல் முதலில் வார்த்தது அதை மட்டும்தான். அது இறுகியதும் சுவர், சாலை எல்லாவற்றின் எடையையும் அதுவே தாங்கிக்கொள்ள, சாரம் லேசாக இருந்தாலே போதும் என்றானது, செலவும் குறைந்தது. போட்டிக்கு வந்த 19 திட்டங்களில் இதுதான் மலிவு!

வேறு வளைவுப் பாலங்களையும் இப்படியே பாருங்கள். கலிபோர்னியாவின் பிக்ஸ்பி பாலத்தில் (1932) கீல் கிடையாது, அதன் வளைவு உச்சியிலிருந்து பாதத்துக்கு இறங்க இறங்கப் பருத்துக்கொண்டே போகும்.