பெயர் ஒன்று, வட்டு வேறு: வீட்டில் டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன் ஆடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொனாமி நிறுவனம் 1998-இல் ஜப்பானிய விளையாட்டுக் கூடங்களுக்காக உருவாக்கிய டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன், 1999 ஏப்ரலில் பிளேஸ்டேஷன் வட்டாக வீடுகளுக்குள் நுழைந்தது. திரையின் அடியிலிருந்து மேலேறும் அம்புக்குறி, உச்சியில் அசையாமல் நிற்கும் அம்புக்குறியோடு பொருந்தும் கணத்தில், தரையில் விரித்த டான்ஸ் பேடில் அதே திசையைக் காலால் மிதிக்க வேண்டும். விதி இவ்வளவுதான். ஆனால் பழைய வட்டையும் பேடையும் இன்று தேடி வாங்குவோர், முதல் பாட்டு தொடங்குவதற்கு முன்பே பணத்தை இழக்கும் வழிகள் பல இருக்கின்றன.

அவற்றுள் முதன்மையானது, அட்டையில் உள்ள பெயரை நம்பி வாங்குவது. பிளேஸ்டேஷன் 2-இல் 'டிடிஆர் எக்ஸ்ட்ரீம்' (டிடிஆர் என்பது டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷனின் சுருக்கம்) என்ற பெயரில் 2003 அக்டோபரில் ஜப்பானில் ஒரு வட்டு வந்தது. 2004 செப்டம்பரில் வட அமெரிக்காவில் அதே பெயரில் இன்னொன்று வந்தது. ஜப்பானிய வட்டு, கூடத்து எந்திரத்தில் ஓடிய எக்ஸ்ட்ரீமை வீட்டுக்குக் கொண்டுவந்தது. அமெரிக்க வட்டோ ஆடுபவரைப் படம்பிடிக்கும் ஐடாய் கேமராவையும் கூட்டமாக விளையாடும் சிறு ஆட்டங்களையும் சேர்த்துக்கொண்டு, பாடல் பட்டியலையும் பெரிதும் மாற்றி, ஏறக்குறைய வேறொரு விளையாட்டாகவே வெளிவந்தது. நானும் முதலில் வாங்கியது இந்த அமெரிக்க வட்டைத்தான். ஜப்பானியப் பட்டியலைப் படித்து மனப்பாடம் செய்துவைத்திருந்த பாடல்களைத் திரையில் மேலும் கீழுமாக நகர்த்தித் தேடிக்கொண்டிருந்த அந்த மாலை இன்னும் நினைவில் இருக்கிறது. விற்றவர் பொய் சொல்லவில்லை, நான்தான் கேட்கவில்லை.

ஐரோப்பாவில் இதற்கு நேர்மாறான குழப்பம் ஏற்படும். அங்கே இந்த வரிசை நெடுங்காலம் 'டான்சிங் ஸ்டேஜ்' என்ற பெயரில் விற்கப்பட்டதால், ஐரோப்பியக் கடைகளில் டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன் என்று தேடியவர்களுக்கு ஒன்றும் அகப்பட்டிருக்காது. நின்டெண்டோவின் கேம்கியூப் கன்சோலுக்கு 2005-இல் வந்த மரியோ பதிப்பு மூன்று பெயர்களில் உலவியது: அமெரிக்காவில் 'டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன் மரியோ மிக்ஸ்', ஜப்பானில் 'டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன் வித் மரியோ', ஐரோப்பாவில் 'டான்சிங் ஸ்டேஜ் மரியோ மிக்ஸ்'. அப்படியானால் டான்சிங் ஸ்டேஜ் என்றாலே ஐரோப்பிய வட்டு என்று முடிவுகட்டிவிடலாமா என்றால், அதுவும் தவறு. ட்ரீம்ஸ் கம் ட்ரூ இசைக்குழுவின் பாடல்களைக் கொண்ட டான்சிங் ஸ்டேஜ் வட்டு ஜப்பானிலேயே வெளிவந்தது.

ஆகவே பெயரைப் பார்ப்பதை விட்டுவிட்டு, வட்டின் முகத்தில் அச்சிட்டிருக்கும் குறியெண்ணைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பிளேஸ்டேஷன் வட்டுகளில் அது 'எஸ்எல்பிஎம்' அல்லது 'எஸ்எல்பிஎஸ்' என்று தொடங்கினால் ஜப்பானியப் பதிப்பு, 'எஸ்எல்யூஎஸ்' என்றால் அமெரிக்கப் பதிப்பு, 'எஸ்எல்இஎஸ்' என்றால் ஐரோப்பியப் பதிப்பு. உறை மாறிப்போயிருக்கலாம், வட்டில் உள்ள எழுத்து மாறாது. முதல் பிளேஸ்டேஷனின் ஜப்பானிய வட்டுகளில் 'அப்பெண்ட்' என்ற சொல் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அவை துணை வட்டுகள்; மூல வட்டை முதலில் ஓட்டி, இடையில் வட்டை மாற்றினால்தான் அவற்றின் பாடல்கள் திறக்கும். விலை மலிவாக இருக்கிறதே என்று துணை வட்டை மட்டும் வாங்கினால் அது அலமாரிக்குத்தான் உதவும்.

சரியான வட்டு கைக்கு வந்த பிறகு கன்சோல் குறுக்கே நிற்கும். பிளேஸ்டேஷன் 2 பிற மண்டலத்து வட்டுகளை ஏற்காது, நின்டெண்டோவின் 'வீ' கன்சோலும் அப்படியே. இதற்காகவே ஜப்பானியக் கன்சோல் ஒன்றையும் வரவழைப்பவர்கள், அதன் முதுகில் ஒட்டியிருக்கும் மின்னழுத்தச் சீட்டைப் படிக்காமல் நம் ஊர்ச் சுவரில் செருகிவிடக் கூடாது. ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், இந்தியாவிலும் இலங்கையிலும் 230 வோல்ட். சீட்டில் 100 வோல்ட் என்று மட்டும் இருந்தால், இடையில் அழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம் வேண்டும். பிளேஸ்டேஷன் 2-இல் முதல் பிளேஸ்டேஷன் வட்டு ஓடும் என்பது உண்மைதான், ஆனால் அதில் பெற்ற மதிப்பெண்களைச் சேமிக்கப் பழைய பிளேஸ்டேஷனின் மெமரி கார்டு தனியாகத் தேவைப்படும்.

பேடில் இன்னும் நுணுக்கமான தவறு ஒன்று உண்டு. வீயின் 'ஹாட்டஸ்ட் பார்ட்டி' பதிப்புக்கான பேட், கன்சோலின் மேற்புறம் மூடிக்குள் இருக்கும் கேம்கியூப் துளைகளில்தான் செருகப்படுகிறது. 2011-இல் வந்த மாற்று வடிவ வீயில் அந்தத் துளைகளே இல்லை. வட்டு சரி, மண்டலம் சரி, கன்சோலும் வீதான். ஆனால் பேடின் கம்பியைச் செருக இடம் இருக்காது. மாற்றி இணைக்கும் கருவி, அதாவது கன்வெர்ட்டர், வாங்குவோருக்கும் ஓர் எச்சரிக்கை. சில மலிவான கன்வெர்ட்டர்கள் நான்கு அம்புகளையும் சாதாரணக் கைக்கருவியின் திசைப் பொத்தான்களாகவே எடுத்துக்கொள்கின்றன. கைக்கருவியில் இடமும் வலமும் ஒரே நேரத்தில் அழுந்த வாய்ப்பில்லை என்பதால், நீங்கள் இரண்டு கால்களையும் அகட்டிக் குதிக்கும்போது இரண்டு அழுத்தங்களும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு 'மிஸ்' என்று விழும். நடக்கும்போது எல்லாம் சரியாக இருந்து, குதிக்கும்போது மட்டும் தவறினால் காலைக் குறை சொல்லாமல் கன்வெர்ட்டரைச் சந்தேகியுங்கள்.

அடுத்தது தொலைக்காட்சி. இந்த வட்டுகள் எழுதப்பட்ட காலத்தில் வீட்டில் இருந்தவை பருத்த கண்ணாடிக் குழாய்த் தொலைக்காட்சிகள். அவை வந்த படத்தை உடனே காட்டிவிடும். இன்றைய தட்டைத் திரை, பழைய சமிக்ஞையைப் பெரிதாக்கி மெருகூட்டிய பிறகுதான் காட்டுகிறது. நொடிக்கு 60 சட்டகம் (ஃப்ரேம்) ஓடும் விளையாட்டில் ஒரு சட்டகம் என்பது ஏறத்தாழ 16.7 மில்லி நொடி. திரை 50 மில்லி நொடி தாமதித்தால் மூன்று சட்டகங்கள் பறிபோகும். அம்பு பொருந்திய கணத்தில் கச்சிதமாக மிதித்தும் 'பெர்ஃபெக்ட்' வராமல் 'கிரேட்' மட்டுமே வரிசையாக வருவது இதனால்தான். திரையின் அமைப்பில் 'கேம் மோடு' இருந்தால் அதைப் போடுங்கள். ஒலியை மட்டும் தனி ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுத்தால் பாட்டு முன்னே ஓடும், படம் பின்தங்கும். எதைப் பின்பற்றுவது என்று தெரியாமல் கால் தடுமாறும். மீசை அரும்பாத பிள்ளைகள் நம்மைவிட நன்றாக ஆடினாலும் இந்தத் தாமதத்தை அவர்களாலும் வெல்ல முடியாது.

ஆட்டத்துக்குள் வந்த பிறகு, வேகத்தைப் பெருக்கும் அமைப்பைத் தொடப் பலர் அஞ்சுகிறார்கள். இரண்டு மடங்கு என்று வைத்தால் பாட்டு வேகமாகாது. அம்புகளுக்கு இடையிலான இடைவெளிதான் இரண்டு மடங்காகிறது. நெருக்கமான பகுதிகளில் அம்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவியாமல் பிரிந்து தெரிவதால், படிப்பது எளிதாகவே ஆகும். கடின அளவை ஒப்பிடுவதிலும் கவனம் வேண்டும். முன்பு அது 1 முதல் 10 வரை, பாதச் சின்னங்களால் குறிக்கப்பட்டது. 2008-இல் வந்த டிடிஆர் எக்ஸிலிருந்து 20 வரை விரிந்தது. புதிய பதிப்பில் 9-ஐ ஆடியவர், அந்தத் தெம்பில் பழைய வட்டின் 9-ஐத் தொட்டால் பாதிப் பாட்டில் வெளியே நிற்பார்.

கடைசியாக ஒன்று. பரதம் பயின்றவர்கள் உட்படப் புதிதாக வருபவர் அனைவரும், ஒவ்வோர் அம்பையும் மிதித்துவிட்டுப் பேடின் நடுக் கட்டத்துக்குக் காலைத் திருப்பிக் கொண்டுவருகிறார்கள். மெதுவான பாட்டில் அது தெரியாது. வேகம் கூடும்போது ஒரு மிதிக்கு இரண்டு அசைவாகி மூச்சு வாங்கும். இடது காலை இடது அம்பின் மேலேயே விட்டுவிட்டு, வலது காலால் மேல் அம்பை மிதித்துப் பாருங்கள். அடுத்த மிதி மீண்டும் இடது காலுக்கு. நடுக் கட்டத்தில் அம்பே இல்லை, அங்கே காலை வைத்ததற்காக இந்த விளையாட்டு எவருக்கும் ஒரு மதிப்பெண்ணும் கொடுத்ததில்லை.