மலிவு விலைக் கைப்பேசியை வளரும் நாட்டுச் சந்தையில் நிலைநிறுத்துவது எப்படி?

வளரும் நாடு ஒன்றில் குறைந்த விலை ஸ்மார்ட்போனை விற்க வருகிற நிறுவனங்கள் பெரும்பாலும் விலையில் தொடங்கி விலையிலேயே நின்றுவிடுகின்றன. அங்கே காலூன்றியவர்களின் கதையைக் கவனித்தால், விலை அவர்கள் கடைசியாக முடிவு செய்த ஒன்று என்பது தெரியும். வாங்குபவரின் ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்று பார்த்து, அதற்கு வேண்டியதைக் கருவியில் சேர்த்து, வேண்டாததை விலக்கிய பிறகு வந்து நிற்கிற தொகைதான் அவர்களுடைய விலை. இந்தத் துறையில் இறங்க நினைப்பவர்களுக்கும், டீலர்ஷிப் எடுக்குமுன் ஒரு பிராண்டை எடைபோட விரும்புகிற கடைக்காரர்களுக்கும் அந்த வரிசையை இங்கே விளக்குகிறேன்.

பாடம் படிக்கச் சிறந்த இடம் ஆப்பிரிக்கா. சீனாவின் பேர்ட் நிறுவனத்தில் கைப்பேசி விற்பனையைக் கவனித்து வந்த சூ சாவ்ஜியாங் 2006-இல் தொடங்கிய நிறுவனமே இன்றைய டிரான்ஷன். 2008-இல் அது தன் முழுக் கவனத்தையும் ஆப்பிரிக்காவின் மீது திருப்பியது. சொந்த நாட்டில் ஏறக்குறைய விற்பனையே இல்லாத இந்த நிறுவனத்தின் டெக்னோ, ஐடெல், இன்பினிக்ஸ் ஆகிய மூன்று பிராண்டுகளும் சேர்ந்து ஆப்பிரிக்கக் கைப்பேசிச் சந்தையின் முதலிடத்துக்கு வந்தன. 2019-இல் நிறுவனம் ஷாங்காய் பங்குச் சந்தையிலும் பட்டியலிடப்பட்டது.

முதலில் கடையில் போய் உட்காருங்கள்

கருவியின் வடிவமைப்பைத் தொடங்குமுன், விற்கப்போகிற ஊரின் கைப்பேசிக் கடைகளிலும் ரீசார்ஜ் கடைகளிலும் குறைந்தது சில வாரங்களாவது உட்கார்ந்து பார்க்க வேண்டும். நைஜீரியாவில் அப்படிப் பார்த்தவர்களின் கண்ணில் முதலில் பட்டது சிம் மாற்றும் காட்சிதான். ஒரே நெட்வொர்க்குக்குள் பேசினால் கட்டணம் குறைவு, வேறு நெட்வொர்க்குக்குப் பேசினால் கூடுதல்; ஒரு நிறுவனத்தின் டவர் சந்தையில் எடுக்கும், வீட்டில் எடுக்காது. அதனால் ஒருவரே இரண்டு மூன்று சிம் கார்டுகளை வைத்துக்கொண்டு, பேச வேண்டிய ஆளைப் பொறுத்துப் பின்மூடியை நகத்தால் நெம்பித் திறந்து, பேட்டரியைக் கழற்றி, ஒரு சிம்மை உருவி இன்னொன்றைச் செருகி, போன் மறுபடி உயிர்பெறும் வரை காத்திருப்பார். பெரிய நிறுவனங்கள் இதைக் கண்டுகொள்ளாததற்குக் காரணம் உண்டு. அவற்றின் முக்கியச் சந்தைகளில் கைப்பேசியை ஒப்பந்தத்தோடு சேர்த்து விற்பவை தொலைபேசி நிறுவனங்களே. போட்டியாளரின் சிம்முக்கும் இடம் தருகிற கருவியை அவை விரும்பவில்லை. டெக்னோ தொடக்கத்திலேயே இரண்டு சிம் போடும் கைப்பேசிகளைக் கொண்டுவந்தது. நான்கு சிம் போடும் மாடல்கூட வந்தது.

இதே வகையில் உருவானதுதான் கேமரா. சாதாரண கேமராவின் தானியங்கி அமைப்பு, காட்சி முழுவதன் சராசரி வெளிச்சத்தைக் கணக்கிட்டு ஒளியின் அளவை முடிவு செய்கிறது. அடர்ந்த கருநிறமுள்ள ஒருவர் வெளிறிய சுவரின் முன்போ, மாலை மங்கிய பிறகோ நின்றால், சுவர் தெளிவாக விழுந்து முகம் நிழலாகிவிடும். சில நேரம் அங்கே ஒரு முகம் இருப்பதையே மென்பொருள் உணராது. டிரான்ஷனின் பொறியாளர்கள் ஆப்பிரிக்க மக்களின் படங்களைப் பெருமளவில் சேகரித்து, கண்களையும் பற்களையும் அடையாளமாக வைத்து முகத்தைக் கண்டுபிடிக்கவும், அந்த முகத்துக்கு ஏற்ப ஒளியைக் கூட்டவும் மென்பொருளைத் திருத்தினார்கள். இதற்கு விலை உயர்ந்த லென்ஸ் எதுவும் தேவைப்படவில்லை. தன் முகம் தெளிவாக விழுந்த படத்தை முதன்முறையாகப் பார்க்கிற ஒருவருக்கு, இந்தப் போன் தன்னை நினைத்துச் செய்யப்பட்டது என்று தோன்றும். எந்த விளம்பரத்தாலும் கொடுக்க முடியாத மதிப்பு அது என்பது என் உறுதியான கருத்து.

மின்வெட்டு மிகுந்த ஊர்களுக்கு நீடித்து நிற்கும் பேட்டரியும், எத்தியோப்பியாவுக்கு அம்ஹாரிக் எழுத்துப் பலகையும் இப்படிக் கவனித்ததால் வந்தவையே. இந்தியாவிலும் இதற்கு இணையான ஒரு கதை உண்டு. மேற்கு வங்கத்தின் கிராமம் ஒன்றில் பொதுத் தொலைபேசிச் சாவடி லாரி பேட்டரியில் ஓடுவதையும், அதன் உரிமையாளர் தினமும் அந்தப் பேட்டரியைத் தொலைவிலுள்ள ஊருக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் ஏற்றி வருவதையும் கண்டதிலிருந்தே, ஒரு முறை சார்ஜ் செய்தால் ஒரு மாதம் தாங்குகிற கைப்பேசி என்ற எண்ணம் பிறந்ததாக, இந்தியக் கைப்பேசி நிறுவனமான மைக்ரோமேக்ஸின் இணை நிறுவனர் ராகுல் சர்மா சொல்லியிருக்கிறார்.

எதை விலக்கலாம், எதில் கைவைக்கக் கூடாது

அடக்க விலையைக் குறைக்கக் கூர்மையான திரை, உலோக உடல், கூடுதல் கேமராக்கள், அதிவேகச் சிப் ஆகியவற்றைத் தயங்காமல் விலக்கலாம். நினைவகத்தில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது. வாட்ஸ்அப்பில் வந்து குவிகிற திருமண வீடியோக்களும் காலை வணக்கப் படங்களும் சில மாதங்களில் இடத்தை அடைத்துவிடும். அதன்பின் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் போன் திணறும். வாங்கியவர் நினைவகத்தைக் குறை சொல்ல மாட்டார், பிராண்டைத்தான் சொல்வார். சார்ஜிங் பின்னும் அப்படித்தான். தூசியும் வியர்வையும் படுகிற பையில் நாள் முழுதும் கிடக்கிற போனில் முதலில் தளர்வது அந்தச் சிறு துளைதான்.

கடைக்காரரும் சர்வீஸ் சென்டரும்

வளரும் சந்தையில் வாங்குபவர் விவரப் பட்டியலைப் படித்து முடிவெடுப்பது குறைவு; கடைக்காரர் எதைக் கையில் எடுத்துக் கொடுக்கிறாரோ அதுவே பெரும்பாலும் விலைபோகும். லாகோஸ் நகரின் இகேஜாவில் உள்ள கம்ப்யூட்டர் வில்லேஜ் போன்ற சந்தைகளிலிருந்து சிற்றூர்ப் பெட்டிக்கடை வரை சரக்கு போய்ச் சேர, மொத்த வியாபாரிக்கும் சில்லறைக் கடைக்கும் நியாயமான மார்ஜின் இருக்க வேண்டும். டெக்னோவின் நீலத்தைச் சுவர் சுவராகப் பூசியதும், நம் ஊர்க் கடைத்தெருக்களில் ஓப்போவின் பச்சைப் பலகையும் விவோவின் நீலப் பலகையும் வரிசைகட்டி நின்றதும் கடைத்தெருவைப் பிடிக்கும் ஒரே நோக்கத்தால்தான். ஷாவ்மி வேறு பாதையில் வந்தது. 2014 ஜூலையில் பிளிப்கார்ட் வழியாக மட்டும் எம்ஐ 3 கைப்பேசியை விற்று, இடைத்தரகர் செலவை விலையில் கழித்தது. ஆனால் அந்த நிறுவனமும் 2017-இல் நேரடிக் கடைகளுக்கு வந்தே தீர வேண்டியிருந்தது.

கடைக்காரரோடு உறவு கெடுவதற்கு ஒரு விலைக்குறைப்பு போதும். நான் கைப்பேசி விநியோகத்தில் இருந்த காலத்தில், ஒரு நிறுவனம் தீபாவளிக்கு முந்தைய வாரம் டீலர்களிடம் ஸ்டாக்கை நிரப்பிவிட்டு, பண்டிகை முடிந்த நான்காம் நாள் அதே மாடலின் விலையை 1,000 ரூபாய் குறைத்தது. 40 பெட்டிகளை அடுக்கி வைத்திருந்த கடைக்காரர் ஒருவருக்கு 40,000 ரூபாய் நட்டம். ஈடு கேட்டு அவர் அனுப்பிய கடிதத்துக்குப் பதிலே வரவில்லை. அவர் யாரோடும் சண்டை போடவில்லை. அடுத்த மாதம் முதல், அந்த பிராண்டின் பெயரைச் சொல்லிக் கேட்டு வந்தவர்களுக்கும் பக்கத்து அடுக்கிலிருந்து வேறொன்றை எடுத்துக் காட்டத் தொடங்கினார். ஆகவே, விலையைக் குறைத்தால் கடையில் விற்காமல் கிடக்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் வேறுபாட்டுத் தொகையைத் தருவோம் என்பதை முதல் ஒப்பந்தத்திலேயே எழுத்தில் கொடுங்கள். அந்தத் தொகை எத்தனை நாளுக்குள் கிடைக்கும் என்பதையும் எழுதுங்கள்.

சர்வீஸ் இதைவிடப் பெரியது. ஒரு மாத வருமானத்தைக் கொடுத்துப் போன் வாங்குபவருக்கு, உடைந்த டிஸ்ப்ளே என்பது குடும்பத்துக்கு வந்த செலவு. டிரான்ஷன் இதற்கென்றே கார்ல்கேர் என்ற சேவை அமைப்பை உருவாக்கி ஆப்பிரிக்க நாடுகளில் பரப்பியது. சாம்பல் சந்தைப் போன்களும் (நிறுவனத்தின் அதிகாரபூர்வ விநியோகத்துக்கு வெளியே வருபவை) போலிகளும் கேட்பாரற்று விற்ற ஊர்களில், பழுதானால் போய் நிற்பதற்கு ஒரு கதவு இருந்ததே அந்த பிராண்டுகளைத் தனித்துக் காட்டியது. புதிய மாடல் கடைக்கு வருவதற்கு முன்பே அதன் டிஸ்ப்ளேயும் பேட்டரியும் சார்ஜிங் போர்டும் சர்வீஸ் சென்டரின் அலமாரியில் இருக்க வேண்டும். ஸ்பேர் வரவில்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்று மூன்று முறை கேட்டவர் நான்காம் முறை வருவதில்லை, இரண்டாவது போனுக்கும் வருவதில்லை.

வரி, தவணை, விற்ற பிறகு வரும் வருமானம்

இறக்குமதி வரி கூடுதலாக உள்ள நாட்டில் உள்ளூரிலேயே பொருத்தும் ஆலை வைப்பது கணக்குக்குச் சரிவரும். டிரான்ஷன் 2011-லேயே எத்தியோப்பியாவில் உற்பத்தியைத் தொடங்கியது. இந்தியா 2017-இல் கைப்பேசிக்கு 10 விழுக்காடு சுங்க வரி விதித்து, 2018 தொடக்கத்துக்குள் அதை 20 விழுக்காடாக்கியபோது, இங்கே ஏற்கெனவே ஆலை ஏற்பாடு செய்திருந்தவர்கள் தப்பினார்கள்.

நாட்கூலிக்காரரிடம் மொத்தத் தொகை இருக்காது, ஆனால் தினமும் சிறு தொகை இருக்கும் என்பதை உணர்ந்து, கென்யாவில் சபாரிகாம் என்ற தொலைபேசி நிறுவனம் கூகுளோடு சேர்ந்து 2020-இல் ஒரு திட்டம் கொண்டுவந்தது: முன்பணம் கட்டிய பிறகு நாளொன்றுக்கு 20 ஷில்லிங். கைப்பேசியிலேயே பணம் அனுப்பும் எம்-பெசா சேவை வழியாகப் பணம் கட்டும் பழக்கம் 2007 முதலே ஊறியிருந்ததால்தான் இது நடைமுறைக்கு ஒத்துவந்தது. பணம் கட்டும் வழி இல்லாத நாட்டில் இதை அப்படியே நகல் எடுக்க முடியாது. தவணை தவறினால் போன் பூட்டப்படும் என்பதை விற்கும்போதே, வாங்குபவரின் மொழியில், வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதை மறைத்து விற்பது ஏழையின் காசோடு விளையாடுவது. அப்படிச் செய்கிறவர்கள் மீது எனக்குக் கடுங்கோபம் உண்டு.

கருவியில் கிடைக்கும் லாபம் மெல்லியது. ஷாவ்மியின் நிறுவனர் லெய் ஜுன் வன்பொருளில் நிகர லாபம் 5 விழுக்காட்டைத் தாண்டாது என்று 2018-இல் பகிரங்கமாகவே அறிவித்தார். மீதி வருமானம் செயலிகளிலிருந்தும் இணையச் சேவைகளிலிருந்தும் வர வேண்டும். டிரான்ஷனின் போன்களில் தொடங்கி வளர்ந்த பூம்பிளே என்ற இசைச் செயலி இதைச் சரியாகச் செய்தது: ஆப்பிரிக்கப் பாடல்களை ஆப்பிரிக்கர்களுக்குக் கொடுத்தது. பூட்டுத்திரையில் விளம்பரத்தைத் திணிப்பதும், என்ன செய்கிறதென்று தெரியாத செயலிகளை முன்கூட்டியே ஏற்றி அனுப்புவதும் வேறு கதை. அவை தின்கிற டேட்டா, போன் வாங்கியவர் காசு கொடுத்து வாங்கியது.

அடுத்த தலைமுறைக்கு முன்கூட்டியே ஆர்டர் போடுங்கள்

ஐடெல் பட்டன் போனில் தொடங்கியவர் டெக்னோவுக்கும், அவருடைய பிள்ளை இன்பினிக்ஸுக்கும் போகலாம் என்று டிரான்ஷன் படிக்கட்டு அமைத்ததால், வாடிக்கையாளர் அந்த நிறுவனத்தை விட்டு வெளியே போகவில்லை. மைக்ரோமேக்ஸிடம் விளம்பரமும் விநியோகமும் இருந்தன; 2014-இல் இந்திய ஸ்மார்ட்போன் விற்பனையில் சாம்சங்குக்கு அடுத்த இடமும் இருந்தது. 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ, 4ஜி மட்டுமே உள்ள நெட்வொர்க்கோடு வந்தது. அதில் வழக்கம்போல் பேச, 4ஜி இணைப்பிலேயே அழைப்பைக் கொண்டுசெல்லும் வோல்ட்டி வசதியுள்ள போன் தேவை. சீன நிறுவனங்கள் அத்தகைய போன்களோடு தயாராக நின்றபோது, இந்திய பிராண்டுகளின் 3ஜி சரக்கு கடைகளில் தேங்கியது. ஆகவே, ஆறு மாதத்துக்கு ஒருமுறை நெட்வொர்க் நிறுவனங்களின் பொறியாளர்களிடம் போய், எந்த மாவட்டத்தில் எந்த அலைவரிசைக்கு டவர் ஏறுகிறது என்று கேளுங்கள். அந்த அலைவரிசை உங்கள் அடுத்த மாடலில் இருக்கிறதா என்று சரிபார்த்த பிறகே சிப்புக்கு முன்பணம் கட்டுங்கள்.