ட்ரைபாட் வாங்கப் போகிறீர்களா? பெட்டியில் இருக்கும் எண்களை நம்பாதீர்கள்

ட்ரைபாட் பெட்டியில் மூன்று எண்கள் பெரிதாக அச்சாகியிருக்கும். எத்தனை கிலோ தாங்கும், எத்தனை சென்டிமீட்டர் உயரும், மடித்தால் எவ்வளவு நீளம். கடைக்குப் போனாலும் ஆன்லைனில் தேடினாலும் பெரும்பாலோர் இந்த மூன்றையும் விலையையும் ஒப்பிட்டு வாங்கிவிடுகிறார்கள். ட்ரைபாட் வாங்குவதே கேமரா ஆடாமல் நிற்கத்தானே? அதைப் பற்றி இந்த மூன்றில் ஒன்றுகூட வாய் திறப்பதில்லை.

கிலோ கணக்கு

முதலில் ஏமாற்றுவது தாங்கும் எடைதான். இதை இப்படித்தான் அளக்க வேண்டும் என்று எல்லா நிறுவனங்களும் ஒப்புக்கொண்ட முறை எதுவும் இல்லை. ஒரு நிறுவனம் கால் சறுக்காமல் நிற்கும் அதிகபட்ச எடையைப் போடும், இன்னொன்று அதில் பாதியைப் போட்டுப் பத்திரமாக ஒதுங்கிக்கொள்ளும். அதனால் 'கேமராவும் லென்ஸும் சேர்த்து 2 கிலோ, இது 8 கிலோ தாங்கும், தாராளம்' என்ற கணக்கு உதவாது. கேமரா கீழே விழாமல் இருப்பது வேறு, அசையாமல் இருப்பது வேறு.

எவ்வளவு அசைந்தால் படம் கெடும் தெரியுமா? 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார் உள்ள) கேமராவில் ஒரு பிக்சல் சுமார் 6 மைக்ரான் அகலம். அதில் 200 மி.மீ. லென்ஸ் மாட்டியிருந்தால், ஷட்டர் திறந்திருக்கும்போது கேமரா ஒரு டிகிரியில் ஏறத்தாழ 600-ல் ஒரு பங்கு திரும்பினாலே படம் ஒரு பிக்சல் நகர்ந்துவிடும். அந்த அசைவு கண்ணுக்கும் தெரியாது, கைக்கும் தெரியாது. வீட்டுக்கு வந்து கணினியில் பெரிதாக்கும்போதுதான் ஏதோ சரியில்லையே என்று தோன்றும். பழி லென்ஸ் மேல் விழும்.

கடையில் எல்லோரும் ட்ரைபாடை மேலிருந்து அழுத்திப் பார்க்கிறார்கள். அழுத்தினால் மலிவான ட்ரைபாடும் நன்றாகத்தான் நிற்கும். முறுக்கிப் பார்க்க வேண்டும். கால்களை முழுசாக நீட்டி லாக் செய்துவிட்டு, ஹெட், அதாவது கேமராவைப் பிடித்துத் திருப்பும் தலைப்பகுதி, உட்காரும் தட்டைப் பிடித்து இடமும் வலமும் லேசாகத் திருகுங்கள். எது விட்டுக்கொடுக்கிறது என்று கையிலேயே தெரியும். சிலவற்றில் கால்கள் வளையும், சிலவற்றில் கால்கள் சேரும் இணைப்பு லொடலொடக்கும். கேமராவையும் எடுத்துப் போனால் இன்னும் நல்லது. உங்களிடம் இருப்பதிலேயே நீளமான லென்ஸை மாட்டி, லைவ் வியூவில், அதாவது கேமராவின் பின்திரையில், 10 மடங்கு பெரிதாக்கி, ஒரு காலை விரலால் சுண்டிவிடுங்கள். திரையில் படம் துள்ளும். நல்ல ட்ரைபாடில் சட்டென்று அடங்கும். மோசமானதில் நீங்கள் பொறுமை இழக்கும் வரை ஆடும்.

இந்த விறைப்பைப் பெரும்பாலும் தீர்மானிப்பது குழாயின் பருமன். சுவரின் தடிமன் ஒன்றாக இருந்தால், 22 மி.மீ. குழாயைவிட 28 மி.மீ. குழாய் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விறைப்பு. வித்தியாசம் வெறும் 6 மி.மீ. தான்! இதனால்தான் 'மடித்தால் குட்டியாகிவிடும்' என்ற விளம்பரத்தைப் பார்த்தால் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். குட்டியாக மடங்க வேண்டுமென்றால் ஒரு காலில் 5 அடுக்குகள் வேண்டும். ஒவ்வொரு அடுக்கும் மேலே இருப்பதைவிட 3 மி.மீ. அளவுக்கு மெலியும். மேல் குழாய் 22 என்று தொடங்கினால் கடைசிக் குழாய் 10 மி.மீ. பக்கம் வந்து நிற்கும். மூன்று அல்லது நான்கு அடுக்கு போதும். பயன்படுத்தும்போதும் தடித்த அடுக்குகளை முதலில் நீட்டி, கடைசிக் குச்சியைத் தேவைப்பட்டால் மட்டும் இழுங்கள்.

உயரம்

'155 செ.மீ.' என்று போட்டிருந்தால், அது நடுத்தண்டை, அதாவது சென்டர் காலத்தை, முழுக்க உயர்த்திய பிறகு வரும் உயரமாக இருக்கும். அதை உயர்த்திய நொடியில் மூன்று கால் போய் ஒற்றைக் குச்சியின் உச்சியில் கேமரா நிற்கிறது. காற்று லேசாக அடித்தாலும் ஆடும். எனவே தண்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள். 170 செ.மீ. உயரமுள்ளவரின் கண் மட்டம் சுமார் 158. அதில் ஹெட்டுக்கு 10, கேமராவின் அடியிலிருந்து வ்யூஃபைண்டர் வரை 8 முதல் 10 கழித்தால், கால்கள் மட்டும் 138 முதல் 140 செ.மீ. வந்தால் போதும். மலைச்சரிவில் ஒரு காலை இன்னும் நீட்ட வேண்டியிருக்கும் என்பதால் பத்துப் பதினைந்து கூடுதலாக இருந்தால் நல்லது.

குறைந்தபட்ச உயரத்தை யாரும் கேட்பதே இல்லை. கால்களுக்கு நடுவில் குறுக்குப் பட்டைகள் உள்ள மலிவு மாடல்களில் கால்களை அகலமாக விரிக்கவே முடியாது. தரையோடு ஒட்டிப் பூவையோ காளானையோ எடுக்க நினைத்தால் கதை முடிந்தது.

ஹெட்டில்தான் நிறையப் பேர் கோட்டைவிடுகிறார்கள்

காலுக்குச் செலவழித்துவிட்டு, கூடவே வரும் ஹெட்டோடு திருப்தி அடைவது அடுத்த தவறு. வாங்கும்போதே கேட்க வேண்டிய கேள்வி, ஹெட்டைக் கழற்ற முடியுமா? முடியும் என்றால் அடியில் பெரும்பாலும் 3/8 அங்குலத் திருகு இருக்கும், நாளைக்கு வேறு ஹெட் மாட்டிக்கொள்ளலாம். காலோடு ஒட்டியே வந்தால் ஹெட் உடையும் நாளில் ட்ரைபாடும் போகும்.

எந்த ஹெட் என்பது நீங்கள் எதை எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பொதுவான வேலைக்கு, ஓர் உருண்டை மேல் எல்லாப் பக்கமும் திரும்பும் பால் (ball) ஹெட் வேகமானது, சின்னது. ஆனால் அதில் ஒரு சோதனை கட்டாயம். கேமராவை மாட்டி, திரையின் நடுவில் ஒரு பொருளை வைத்து இறுக்குங்கள். கையை எடுத்ததும் அந்தப் பொருள் நடுவிலிருந்து மேலே நகர்ந்தால், கேமரா தலை குனிகிறது என்று அர்த்தம். இப்படித் தொங்கும் ஹெட்டில் மேக்ரோ, அதாவது மிக நெருக்கமான படம், எடுப்பது பெரிய தலைவலி. ஒவ்வொரு முறையும் குத்துமதிப்பாகக் கொஞ்சம் மேலே வைத்து இறுக்க வேண்டியிருக்கும். உராய்வைக் கூட்டிக் குறைக்கத் தனித் திருகு இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லையென்றால், தளர்த்திய மறுகணம் கனமான லென்ஸ் ஒரு பக்கம் கவிழ்ந்து விரலை நசுக்கும்.

கட்டடம், பொருள் படங்கள் என்று நிதானமாக எடுப்பவர்களுக்குப் பால் ஹெட்டைவிட மூன்று கைப்பிடி உள்ள பான்-டில்ட் ஹெட் மேல். ஒரு அச்சைச் சரிசெய்யும்போது மற்ற இரண்டும் கலையாது. 150-600 மி.மீ. போன்ற நீளமான லென்ஸில் பறவை எடுப்பவர்கள் கிம்பல் ஹெட் பக்கம் போகலாம். லென்ஸைச் சுற்றியிருக்கும் காலர் என்ற வளையத்தைப் பொருத்தி எடையைச் சமன்செய்துவிட்டால், கையை எடுத்தாலும் லென்ஸ் இருந்த இடத்திலேயே நிற்கும்.

வீடியோதான் முக்கியம் என்றால், உள்ளே இருக்கும் திரவத்தால் சீராகத் திரும்பும் ஃப்ளூயிட் ஹெட். கல்யாண வீடியோ எடுக்கப் பால் ஹெட்டோடு கிளம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும், மண்டபத்தை ஒரு பக்கமிருந்து மறுபக்கம் சீராகக் காட்டவே முடியாது. 'ஃப்ளூயிட்' என்று ஒட்டிய மலிவு ஹெட்டுகள் பலவற்றில் உள்ளே இருப்பது கொஞ்சம் கிரீஸ் மட்டும்தான். மெதுவாகத் திருப்பி நிறுத்திப் பாருங்கள். நிறுத்தியதும் சற்றே பின்னுக்கு இழுத்தால் வேண்டாம்.

அப்புறம் ப்ளேட், அதாவது கேமராவின் அடியில் திருகி ஹெட்டில் மாட்டும் தட்டு. ஆர்க்கா-ஸ்விஸ் வகை, சுமார் 38 மி.மீ. அகலம் உள்ளது, இன்று பல நிறுவனங்கள் பின்பற்றுவது. அதையே எடுங்கள். சில ஹெட்டுகள் தங்களுக்கென்றே தனி வடிவ ப்ளேட்டோடு வரும். அது தொலைந்தால் பக்கத்துக் கடையில் கிடைக்காது.

கார்பன் ஃபைபரா அலுமினியமா என்ற விவாதம் தேவைக்கு மேல் நடக்கிறது. கார்பன் எடை குறைவு, அதிர்வையும் சீக்கிரம் அடக்கும். ஆனால் மெலிந்த கார்பன் காலைவிடத் தடித்த அலுமினியக் கால் நன்றாக நிற்கும், விலையும் குறைவு. வீட்டிலும் காரிலும் வைத்துப் பயன்படுத்துபவர் அலுமினியத்திலேயே நின்றுவிடலாம். கடற்கரையில் எடுப்பவர்கள் லாக்கைக் கழற்றிக் கழுவ முடியுமா என்று பாருங்கள். உப்பும் மணலும் உள்ளே போனால் இரண்டு வகையும் ஒரே மாதிரிதான் சிக்கும்.

கடைசியாக ஒன்று, கோயில் படங்களுக்காகவே ட்ரைபாட் தேடுபவர்களுக்கு. தஞ்சைப் பெரிய கோயில், தாராசுரம், மாமல்லபுரம் போன்றவை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை. 1959-ஆம் ஆண்டு விதிகளின்படி அங்கே முன் அனுமதி இல்லாமல் கேமரா ஸ்டாண்டைக் கொண்டுபோகக் கூடாது. கையில் கேமராவோடு போகலாம், ஸ்டாண்டை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். அனுமதிக்கு எழுதிப் போட்டுக் காத்திருக்கும் பொறுமை இல்லையென்றால், ட்ரைபாடுக்கான பணத்தை, மங்கிய வெளிச்சத்திலும் கையில் பிடித்தே எடுக்க உதவும் எஃப் 1.8 போன்ற பெரிய துவாரமுள்ள வைடு லென்ஸில் போடுவதே உருப்படியான செலவு.