போஸ்ட்கிரஸில் டெஸ்ட் கவரேஜ் கூட்டுவது எப்படி: சிவப்பு வரிகளைத் தேடி ஒரு பயணம்

போஸ்ட்கிரஸ் சோர்ஸ் கோடில் முதன்முதலாகக் கை வைக்க நினைப்பவர்கள் என்னிடம் கேட்டால், புது வசதி எழுதப் போகாதீர்கள், டெஸ்ட் எழுதுங்கள் என்றுதான் சொல்வேன். டேட்டாபேஸில் தினமும் ஓடும் பாதையை ஆயிரம் பேர் பார்த்திருப்பார்கள். எப்போதோ ஒருமுறை ஓடும் பாதையில்தான் பிழை ஒளிந்திருக்கும். அங்கே விளக்கு அடித்துப் பார்க்கும் வேலை இது. டெஸ்டுகள் கோடின் எந்தெந்த வரிகளை ஓட்டிப் பார்த்தன என்ற கணக்குதான் கவரேஜ். ஒருமுறைகூட ஓடாத வரி ரிப்போர்ட்டில் சிவப்பாகத் தெரியும். அந்தப் பகுதியின் கோடை வரி வரியாகப் படிக்க இதைவிட நல்ல காரணமும் கிடைக்காது.

லினக்ஸ், கிட், கொஞ்சம் சி, கொஞ்சம் எஸ்கியூஎல் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கமாண்டுகளைத் தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன், டைப் செய்யும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

1. கவரேஜுக்காகத் தனியாக ஒரு பில்ட்

ஜிசிசி கம்பைலர், எந்த வரி எத்தனை முறை ஓடியது என்று சொல்லும் ஜிகாவ், அதை ரிப்போர்ட் ஆக்கும் எல்காவ், பெர்ல், பெர்லின் ஐபிசி::ரன் மாட்யூல் ஆகியவை வேண்டும். கான்ஃபிகர் ஓட்டும்போது --எனேபிள்-கவரேஜ், --எனேபிள்-டேப்-டெஸ்ட்ஸ், --எனேபிள்-கேஸர்ட் மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள். சிஃப்ளாக்ஸ் என்று நீங்களாக எதுவும் வைக்க வேண்டாம். கவரேஜ் கேட்டாலே போஸ்ட்கிரஸ் ஆப்டிமைசேஷனை விட்டுவிடும். பழக்கத்தில் மைனஸ் ஓ2 போட்டுவிட்டால் கம்பைலர் வரிகளை இடம் மாற்றியும் ஒன்றாகச் சேர்த்தும் விடும். அப்புறம் ரிப்போர்ட்டில் வரும் எண்ணிக்கையை நம்ப முடியாது.

மெசான் என்ற இன்னொரு பில்ட் முறையிலும் பி_கவரேஜ் என்ற ஆப்ஷன் இருக்கிறது. மற்ற வேலைக்கெல்லாம் நான் மெசான்தான். கவரேஜுக்கு மட்டும் பழைய மேக் எனக்குப் பிடிக்கும். வேண்டிய ஃபோல்டருக்குள் போய் அங்கேயே "மேக் கவரேஜ்-எச்டிஎம்எல்" கொடுத்தால் அந்தப் பகுதிக்கு மட்டும் ரிப்போர்ட் வந்துவிடும். ஒரே ஃபைலை இருபது முறை திருத்திப் பார்க்கும்போது இந்த வசதி இல்லாமல் முடியாது.

2. முதலில் எல்லாவற்றையும் ஓட்டுங்கள்

அடிப்படை டெஸ்டுகளை ஓட்டும் "மேக் செக்" மட்டும் ஓட்டிவிட்டு ரிப்போர்ட்டைத் திறந்தால் எங்கே பார்த்தாலும் சிவப்பாகத் தெரியும். அதில் பாதிக்கு வேறு இடத்தில் டெஸ்ட் இருக்கும். அதனால் ஒருமுறை பொறுமையாக எல்லா டெஸ்டுகளையும் ஓட்டும் "மேக் செக்-வேர்ல்ட்" கொடுங்கள். அதன் பிறகு எடுக்கும் ரிப்போர்ட்டிலும் சிவப்பாக நிற்கும் வரிதான் உண்மையாகவே யாரும் தொடாத வரி. கவரேஜ்.போஸ்ட்கிரஸ்கியூஎல்.ஆர்க் தளத்திலும் தயார் ரிப்போர்ட் இருக்கிறது. எந்த ஃபைலை எடுக்கலாம் என்று யோசிக்க அதுவே போதும்.

எல்லாச் சிவப்பும் உங்கள் வேலை அல்ல. ஈலாக் என்று எரர் கொடுக்கும் வரிகள் பெரும்பாலும் "இப்படி நடக்கவே கூடாது" என்ற வகை. உள்ளே ஏதோ கெட்டுப்போனால்தான் அங்கே போக முடியும். அவற்றை விட்டுவிடுங்கள். ஈரிப்போர்ட் என்று இருக்கும் வரிகள் பயனருக்குக் காட்ட எழுதிய எரர்கள், பயனர் செய்யும் ஏதோ ஒரு காரியத்தால் அங்கே போய்ச் சேரலாம். தொடங்க நல்ல இடம் அதுதான்.

3. எந்த வகை டெஸ்ட்?

ஒரே செஷனில் எஸ்கியூஎல் கொடுத்துப் பதிலைப் பார்த்தால் போதும் என்றால் ரெக்ரஷன் டெஸ்ட். இரண்டு மூன்று செஷன்கள் ஒன்றையொன்று பூட்டிக் காத்திருக்க வேண்டும் என்றால் ஐசொலேஷன் டெஸ்ட். சர்வரை நிறுத்த வேண்டும், ரெப்ளிகா (சர்வரின் நகலாக ஓடும் இன்னொரு சர்வர்) வேண்டும், கமாண்ட்லைன் டூலை ஓட்ட வேண்டும் என்றால் பெர்லில் எழுதும் டேப் டெஸ்ட். எதில் முடியுமோ அதில் எளியதை எடுங்கள். டேப் டெஸ்ட் ஒவ்வொன்றும் சர்வரையே புதிதாக எழுப்புவதால் நேரம் தின்னும்.

ரெக்ரஷன் டெஸ்ட் எப்படி இருக்கும் என்று காட்ட, ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்த ஒரு எரரையே எடுக்கிறேன். ஜெனரேட்_சீரிஸ்(1, 10, 0) என்று கேட்டால், ஸ்டெப் சைஸ் ஜீரோவாக இருக்க முடியாது என்று எரர் வரும். அந்த ஒரு வரி எஸ்கியூஎல் ஃபோல்டரில் பொருத்தமான ஃபைலுக்குள் போகும். வரவேண்டிய எரர் எக்ஸ்பெக்டட் ஃபோல்டரில் அதே பெயருள்ள .அவுட் ஃபைலுக்குள் போகும். கையால் டைப் செய்ய வேண்டாம். டெஸ்டை ஓட்டினால் ரிசல்ட்ஸ் ஃபோல்டரில் வெளியீடு விழும், ரெக்ரஷன்.டிஃப்ஸ் ஃபைலில் வித்தியாசம் வரும். அதை வரி வரியாகப் படித்து, சரி என்று தோன்றினால் மட்டும் எக்ஸ்பெக்டடுக்குக் காப்பி செய்யுங்கள். படிக்காமல் காப்பி செய்தால் இருக்கிற பிழையையே சரியான பதில் என்று பதிந்துவைத்து விடுவீர்கள்.

வெளியீடு எந்த மெஷினிலும் ஒரே மாதிரி வர வேண்டும். ஒரு ரோவுக்கு மேல் வந்தால் ஆர்டர் பை கட்டாயம். எக்ஸ்ப்ளெயின் போட்டால் காஸ்ட்ஸ் ஆஃப் வேண்டும். ரோல் உருவாக்கினால் பெயர் ரெக்ரஸ்_ என்று தொடங்க வேண்டும். பேரலல்_ஷெட்யூல் ஃபைலில் ஒரே வரியில் இருக்கும் டெஸ்டுகள் ஒரே நேரத்தில் ஓடும் என்பதால், பக்கத்து டெஸ்டின் டேபிள் பெயரோடு உங்கள் பெயர் மோதாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

4. என்னை இரண்டு நாள் உட்கார வைத்த இடம்

டேட்டாவில் நடக்கும் மாற்றங்களை போஸ்ட்கிரஸ் எழுதிவைக்கும் பதிவுக்கு வால் (டபிள்யூஏஎல்) என்று பெயர். ரெப்ளிகாவில் அந்த வால் ரெக்கார்டை எடுத்து மறுபடி செய்துகாட்டும் ஒரு ரீடூ ஃபங்ஷனுக்கு டேப் டெஸ்ட் எழுதினேன். டெஸ்ட் பாஸ். டேட்டாவும் ரெப்ளிகாவில் சரியாக இருந்தது. ரிப்போர்ட்டில் மட்டும் அந்த ஃபங்ஷன் முழுக்கச் சிவப்பு, எண்ணிக்கை பூஜ்யம். பில்டை அழித்து மறுபடி கட்டினேன், அதே பூஜ்யம். கடைசியில் ஃபங்ஷனின் முதல் வரியில் ஒரு லாக் மெசேஜ் போட்டு ஓட்டினேன். ரெப்ளிகாவின் லாக் ஃபைலில் அந்த மெசேஜ் பன்னிரண்டு முறை இருந்தது. கோட் ஓடியிருக்கிறது, கணக்கில் மட்டும் வரவில்லை.

காரணம் இதுதான். எந்த வரி எத்தனை முறை ஓடியது என்ற கணக்கு, ப்ரோசஸ் உயிரோடு இருக்கும்வரை மெமரியில்தான் இருக்கிறது. ப்ரோசஸ் முறைப்படி எக்ஸிட் ஆகும்போதுதான் அது .ஜிசிடிஏ ஃபைலில் எழுதப்படும். டேப் டெஸ்ட் முடியும்போது, நீங்கள் நிறுத்தாமல் விட்ட சர்வர்களை, டேப் டெஸ்டில் சர்வர்களை நடத்தும் கிளஸ்டர் என்ற பெர்ல் மாட்யூல் தானே நிறுத்துகிறது, அதுவும் இமீடியட் முறையில். இமீடியட் என்றால் ப்ரோசஸ்கள் அண்டர்ஸ்கோர்-எக்ஸிட் வழியாக அந்த நொடியே செத்துவிடும். வழக்கமான எக்ஸிட்டில் நடக்கும் கடைசி வேலைகள் எதுவும் நடக்காது, கணக்கு எழுதுவதும் அதில் ஒன்று. ரெப்ளிகாவில் ரீடூ செய்வது ஸ்டார்ட்அப் ப்ரோசஸ். அது தொடக்கத்திலிருந்து கடைசிவரை உயிரோடு இருந்து, எழுதாமலே போய்விட்டது.

தீர்வு ஒரே வரி. டெஸ்டின் கடைசியில் ஒவ்வொரு நோடுக்கும் (டெஸ்டில் எழுப்பிய சர்வருக்கும்) ஸ்டாப் கொடுங்கள். முறை எதுவும் சொல்லாவிட்டால் அது ஃபாஸ்ட் முறையில் நிறுத்தும், கணக்கும் எழுதப்படும். அந்த வரியைச் சேர்த்ததும் ஃபங்ஷனின் சிவப்பு போய்விட்டது.

கிராஷ் ஆவதுதான் டெஸ்டின் நோக்கம் என்றால் கிராஷுக்கு முன் ஓடியதன் கணக்கு போனது போனதுதான். மறுபடி எழுந்து ரெக்கவரி செய்யும் பகுதியையாவது கடைசி ஸ்டாப்பால் காப்பாற்றலாம்.

இன்னொன்றும் இதோடு சேர்த்து: டேப் டெஸ்டில் ஸ்லீப் வைக்காதீர்கள். உங்கள் லேப்டாப்பில் 2 செகண்ட் போதும். பல வகை மெஷின்களில் போஸ்ட்கிரஸை பில்ட் செய்து சோதிக்கும் பில்ட்ஃபார்மில் இருக்கும் மெதுவான மெஷின்களுக்குப் போதாது. போல்_க்வெரி_அன்டில் என்ற ஃபங்ஷன், நீங்கள் எதிர்பார்க்கும் பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருக்கும், வந்த உடனே நகர்ந்துவிடும். இரண்டு ப்ரோசஸ்கள் குறிப்பிட்ட ஒரு கணத்தில் மோத வேண்டும் என்றால் பதிப்பு 17இல் வந்த இன்ஜெக்ஷன் பாயிண்ட்ஸைப் பாருங்கள். கோடுக்குள் குறித்த இடத்தில் ஒரு ப்ரோசஸை நிறுத்திவைத்து, வேண்டும்போது விடலாம். அதற்கு --எனேபிள்-இன்ஜெக்ஷன்-பாயிண்ட்ஸ் சேர்த்து பில்ட் செய்திருக்க வேண்டும்.

5. சிவப்பு போன பிறகு உடைத்துப் பாருங்கள்

வரியின் சிவப்பு போய்விட்டது என்றால் அது ஓடியது என்று மட்டும்தான் அர்த்தம். ஓடி என்ன செய்தது என்று யாராவது பார்த்தார்களா என்பது ரிப்போர்ட்டில் தெரியாது. அதனால் டெஸ்ட் எழுதி முடித்ததும் நான் அந்த சி கோடை வேண்டுமென்றே கெடுப்பேன். "சிறியது" என்று இருக்கும் இடத்தில் "சிறியது அல்லது சமம்" என்று மாற்றுவேன், அல்லது ஒரு அசைன்மென்டைக் கமென்ட் ஆக்குவேன். மறுபடி கம்பைல் செய்து டெஸ்டை ஓட்டினால் அது ஃபெயில் ஆக வேண்டும். பாஸ் ஆனால் அந்த டெஸ்ட் வரியைத் தொட்டுவிட்டு மட்டும் வந்திருக்கிறது. இந்த ஐந்து நிமிட வேலையில் நான் எழுதிய டெஸ்டுகளில் பலவற்றைத் திருத்தியிருக்கிறேன். ரோ எண்ணிக்கையை மட்டும் பார்த்த இடங்களில் மதிப்பையும் பார்க்கச் சேர்த்தது இப்படித்தான்.

கெடுத்ததைச் சரிசெய்த பிறகு "மேக் கவரேஜ்-க்ளீன்" கொடுக்க மறக்காதீர்கள். எண்ணிக்கை ஒவ்வொரு ஓட்டத்துக்கும் மேலே மேலே கூடிக்கொண்டே போகும். கோடை மாற்றிக் கம்பைல் செய்த பிறகு பழைய கணக்கு ஃபைல் அங்கேயே கிடந்தால், பொருந்தவில்லை என்று ஜிகாவ் எச்சரிக்கும்.

பின்சேர்க்கை 1: கன்டெய்னரில் முயன்ற ஒருவருக்கு "மேக் செக்" தொடங்கும்போதே நின்றுவிட்டதாம். ரூட் யூசராக ஓட்டினால், டெஸ்டுக்கான டேட்டா ஃபோல்டரை உருவாக்கும் இனிட்டிபி மறுத்துவிடும். சாதாரண யூசர் ஒன்றை உருவாக்கி, சோர்ஸ் ஃபோல்டரை அதன் பெயருக்கு மாற்றிவிட்டு ஓட்டுங்கள்.

பின்சேர்க்கை 2: ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் டெஸ்ட் செய்யும் "மேக் இன்ஸ்டால்செக்" ஓட்டினால் எல்லாமே பூஜ்யம் என்று இன்னொருவர் எழுதியிருந்தார். அவருடைய சர்வர் போஸ்ட்கிரஸ் என்ற வேறு யூசரில் ஓடிக்கொண்டிருந்தது. கணக்கு ஃபைல்கள் பில்ட் செய்த ஃபோல்டரில்தான் எழுதப்படும், அங்கே அந்த யூசருக்கு எழுத அனுமதி இல்லை. அனுமதி கொடுத்ததும் சரியானது. கூடவே ஒன்று: சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே ரிப்போர்ட் எடுத்தால் செக்பாயிண்டர் மாதிரி நெடுநேரம் வாழும் ப்ரோசஸ்களின் கணக்கு அதில் இருக்காது. முதலில் சர்வரை ஃபாஸ்ட் முறையில் நிறுத்துங்கள், அப்புறம் ரிப்போர்ட் எடுங்கள்.