காது பரிசோதனையில் நாம் செய்யும் தவறுகள்

"தாத்தாவுக்கு வேண்டியது மட்டும்தான் காதில் விழும்." மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத் தோட்ட வீடுகளில் பேரப்பிள்ளைகள் இப்படிக் கேலி பேசுவார்கள். பாவம், அவர் வேண்டுமென்றே செய்வதில்லை. வயதாலும் இரைச்சலாலும் வரும் குறைபாடு முதலில் உயர்ந்த சுருதி ஒலிகளைத்தான் பறிக்கும். உயிரொலிகள் பலமானவை, அவை கேட்டுவிடும். ச, த போன்ற மெய்யொலிகள் மங்கிப்போகும். பட்டா, தட்டா, கட்டா என்று பிரித்தறிய முடியாமல் தடுமாறுவார். கூப்பிட்டால் திரும்புகிறாரே, காதுக்கு ஒன்றுமில்லை என்று வீட்டார் முடிவு கட்டிவிடுவதுதான் எல்லாத் தவறுக்கும் தலையானது.

இந்த வேறுபாட்டைப் பரிசோதனைதான் காட்டும். அமைதியான அறையில் ஹெட்போன் மாட்டி, 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு சுருதியிலும் எவ்வளவு மெல்லிய ஒலி கேட்கிறது என்று பார்ப்பார்கள். பலர் இதைப் பள்ளிப் பரீட்சையாக நினைத்து, தெளிவாகக் கேட்டால் மட்டும் பொத்தானை அழுத்துகிறார்கள். சிலர் கேட்காமலேயே அழுத்துகிறார்கள். இரண்டும் முடிவைக் கெடுக்கும். கேட்டதுபோல் லேசாகத் தோன்றினாலே அழுத்துங்கள், போதும்.

செம்பனை ஆலையில் பாய்லர் பக்கம் நிற்பவர்களும், நாளெல்லாம் புல்வெட்டும் இயந்திரம் தூக்குபவர்களும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். இரைச்சல் பாதிப்பு பெரும்பாலும் பரிசோதனை வரைபடத்தில் 4000 ஹெர்ட்ஸ் அருகே ஒரு பள்ளமாகத் தொடங்கும். அப்போது பேச்சு நன்றாகவே கேட்பதால் ஆள் உணரமாட்டார். மலேசியாவின் 2019 இரைச்சல் விதிமுறைகளின்படி, 8 மணி நேரச் சராசரி 85 டெசிபெலைத் தாண்டினால் முதலாளி ஆண்டுதோறும் செவிப் பரிசோதனை செய்து தர வேண்டும். இரவு ஷிப்ட் முடிந்த கையோடு நேராகப் பரிசோதனைக்கு வராதீர்கள். காது தற்காலிகமாக மந்தமாகியிருக்கும். 14 மணி நேரமாவது இரைச்சலை விட்டு விலகியிருங்கள். வேலை போய்விடுமோ என்று பயந்து குறையை மறைப்பவர்களை நினைத்தால் மனம் கனக்கிறது. இரைச்சலால் வரும் செவிக்குறை, சொக்சோ எனும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம் ஏற்கும் தொழில் நோய்களில் ஒன்று. ஆண்டுப் பரிசோதனை அறிக்கைகளின் நகலைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள், பின்னாளில் அவைதான் சாட்சி.

காய்ச்சிய எண்ணெய், கோழி இறகு, ஹேர்பின் எதுவும் காதுக்குள் வேண்டாம். குறுகுறுவென்று குடையக் குடைய அழுக்கு உள்ளேதான் போகும். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் நடுச்செவிக்கே இறங்கிவிடும்.

"அவன் அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்" என்று குழந்தை விஷயத்தில் காத்திருப்பதை ஏற்கவே முடியாது. கை தட்டிப் பார்ப்பதும் பரிசோதனை ஆகாது. குழந்தை அசைவைப் பார்த்தும் திரும்பும். முதல் மாதத்துக்குள் செவிச் சோதனை, 3 மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், 6 மாதத்துக்குள் சிகிச்சை என்பது பல நாடுகளில் பின்பற்றும் கணக்கு. மொழி பிடிபடும் வயது திரும்பி வராது.

கடைசியாக, அவசரமான ஒன்று. காலையில் எழும்போதே ஒரு காது திடீரென்று அடைத்து, கூடவே இரைந்தால், அழுக்கு என்று எண்ணிச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். உள்செவி நரம்பு பாதிப்பாக இருக்கலாம். ஸ்டீராய்டு சிகிச்சையைச் சீக்கிரம் தொடங்கினால்தான் பலன் அதிகம். வாரங்கள் ஓட ஓட வாய்ப்பு குறையும். அன்றே மருத்துவமனைக்குப் போய், எந்த நாள், எந்த நேரத்தில் அடைத்தது என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கவும் தயங்காதீர்கள்.