டவுன் வளவில தோட்டம் வைக்க முதல் மண்ணைப் பாருங்கோ

யாழ்ப்பாணம் எண்டால் செம்மண், எதை நட்டாலும் வரும் எண்டு வெளிநாட்டில இருக்கிற சொந்தக்காரர் சொல்லுவினம், அது கோண்டாவில் உரும்பிராய்த் தோட்டக்காணிக்குச் சரி. டவுனுக்குள்ள பழைய வீட்டை இடிச்சுப் புதுசு கட்டின வளவில நாலு வெட்டு வெட்டிப் பாருங்கோ, ஓட்டுத்துண்டு, சாந்துக்கட்டி, மேசன் கழுவி ஊத்தின சீமெந்து, சொப்பிங் பாக், கடைசியாத்தான் மண். குருநகர் நாவாந்துறைப் பக்கம் எண்டால் உப்பும் சேர்ந்திருக்கும்.

நான் விட்ட பிழையைச் சொல்லுறன். கத்தரிக் கண்டு மஞ்சளாகுது எண்டு யூடியூப்பைப் பாத்து முட்டைக்கோதை இடிச்சுப் போட்டன், அடுப்புச் சாம்பலும் போட்டன், இன்னும் மஞ்சளாச்சு. பேந்துதான் விளங்கினது, அந்த வீடியோ புளிப்பு மண் இருக்கிற ஊர்க்காரருக்கு. எங்கட குடாநாடு இருக்கிறதே சுண்ணாம்புக்கல்லுக்கு மேல, இடிச்ச சாந்தும் சுண்ணாம்பு, அதுக்கு மேல நான் வேற சுண்ணாம்பு போட்டிருக்கிறன்! மண் இப்பிடிக் காரமா இருந்தால் இரும்புச்சத்து மண்ணில கிடந்தாலும் வேரால எடுக்கேலாது. குருத்திலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா நிண்டால் அநேகமா இதுதான். அடியிலை முதல்ல மஞ்சளானால் அது வேற கதை, நைதரசன் காணாது, எரு கேக்குது.

டெஸ்ட் பண்ணப் பெரிய செலவில்லை. காய்ஞ்ச மண் ஒரு கரண்டியில வினாகிரி கொஞ்சம் விடுங்கோ, நுரைச்சுப் பொங்கினால் சுண்ணாம்பு தாராளமா இருக்கு. பிறகு ஒரு ஜாம் போத்தல்ல மூண்டில ஒரு பங்கு மண், மிச்சம் தண்ணி, ஒரு சிட்டிகை உடுப்புத் தோய்க்கிற பவுடர், நல்லாக் குலுக்கி அசையாமல் வையுங்கோ. ஒரு நிமிஷத்துக்குள்ள அடியில இறங்கிறது மணல், ரெண்டு மூண்டு மணித்தியாலத்தில படியிறது வண்டல், அடுத்த நாளும் கலங்கல் நிண்டால் அது களி. டவுன் மண்ணில அநேகமா மணல்தான் கூட, ஊத்திற தண்ணி நிக்காமல் ஓடும்.

சரி, திருத்திறது எப்பிடி. கல்லுச் சாந்தைப் பொறுக்கி எடுங்கோ (இரும்புச் சாமான் மாதிரி சந்தேகமா ஏதும் தட்டுப்பட்டால் தொடாதேங்கோ, சண்டைக்கால வெடிபொருளா இருக்கலாம், பொலிஸுக்குச் சொல்லுங்கோ). ரெண்டடிக்குக் கிடங்கு வெட்டி அடியில பனையோலை தாட்டு, மேல கிளிசிறிசியா, பூவரசங்குழை, அதுக்கு மேல உக்கின மாட்டெருவோ ஆட்டெருவோ, பிறகு மண். ஓலை கெதியில உக்காது, அதுதான் வசதி, அடியில ஈரத்தைப் பிடிச்சுக்கொண்டே கிடக்கும், எங்கட தோட்டக்காரர் இதைக் காலாகாலமாச் செய்யினம். லாண்ட்மாஸ்டரில செம்மண் இறக்கிறதுக்குக் காசு கொட்டிறவை கனபேர், எரு இல்லாமல் வெறும் செம்மண்ணைப் பரப்பினால் வெயிலுக்கு இறுகித்தான் போகும்.

இன்னொண்டு, விடியக் காலமை முத்தம் கூட்டிச் சருகைக் கொழுத்திற பழக்கம் எங்கட சனத்தை விட்டுப் போகாது போல. அந்தச் சருகுதான் உங்கட பசளை, மூலையில குவிச்சு மரக்கறித் தோலையும் போட்டு இடைக்கிடை தண்ணி தெளிச்சுப் பிரட்டி விடுங்கோ. சாம்பல் வேண்டவே வேண்டாம். யூரியாவும் அள்ளிப் போடாதேங்கோ, சுண்ணாம்புக்கல் வெடிப்பால இறங்கி உங்கட கிணத்துக்குத்தான் வரும்.

மஞ்சளுக்கு உடன வைத்தியம் எண்டால் விவசாய மருந்துக் கடையில இரும்புச்சத்துக் கரைசல் கேட்டு, லேபல்ல இருக்கிற அளவில பின்னேரம் இலைக்கு அடியுங்கோ. மண்ணின்ர காரத்தைக் குறைக்க எண்டு கந்தகம் வாங்கிறது காசுக்குக் கேடு, வினாகிரிக்குப் பொங்கின மண் அதை அப்பிடியே விழுங்கிப்போடும்.

பழைய பெயின்ற் உரியிற சுவரோரம், றோட்டுக்கரை, பற்றறி உடைச்ச இடம் எண்டால் கீரை போடாதேங்கோ, ஈயம் இருக்கலாம், அங்க பூக்கண்டு வையுங்கோ.

கிடங்கு வேலையை ஆவணிக்குள்ள முடியுங்கோ. ஐப்பசி மழை விழ உப்பு கொஞ்சம் கழுவுப்பட்டு இறங்கும், கார்த்திகையில கண்டு நடலாம். தைக்குப் பிறகு கிணத்துத் தண்ணி உவர்க்கத் துவங்கினால் கண்டடியில வைக்கோல் பரப்பி விடுங்கோ, இல்லாட்டி மண் காயக் காய உப்பு மேல ஏறும்.