சந்தேகம் வர்ற காலத்துல விசுவாசத்தை எப்படி பிடிச்சுக்கிறது

ஜெபம் பண்ணி பண்ணி பதிலே வராம ஓய்ஞ்சு போனவங்களுக்காக இதை எழுதுறேன். வேலை போயிருக்கலாம், குழந்தை இல்லாம வருஷக்கணக்கா காத்திருக்கலாம், ஐசியூ வாசல்ல முழங்கால் போட்டும் அம்மா வீடு திரும்பாம போயிருக்கலாம், இல்ல பெருசா ஒண்ணும் நடக்காமயே ஒரு ஞாயித்துக்கிழமை ஆராதனையில நிக்கும்போது "இதெல்லாம் நிஜம்தானா"ன்னு ஒரு எண்ணம் வந்து அது போகவே மாட்டேங்கலாம். நம்ம சபைகள்ல சாட்சி நேரம்னு ஒண்ணு வைக்கிறோம், அதுல சுகம் கிடைச்சவங்க வருவாங்க, விசா கிடைச்சவங்க வருவாங்க, "கேட்டேன், கிடைக்கல, இன்னும் இங்கதான் உக்காந்திருக்கேன்"னு சொல்ற ஆளுக்கு மைக் போறதே இல்ல. அதனாலதான் ஒவ்வொருத்தரும் தனக்கு மட்டும்தான் இப்படின்னு நினைச்சு வாயை மூடிக்கிறாங்க.

முதல்ல வலி எங்க இருக்குன்னு பிரிச்சுப் பாருங்க, ஏன்னா எல்லா சந்தேகத்துக்கும் ஒரே மருந்து கிடையாது. இழப்புல வர்ற சந்தேகம் ஒண்ணு, படிச்சு யோசிச்சு வர்ற கேள்வி இன்னொண்ணு, சபையில பட்ட காயம் வேற. கணவனை இழந்தவங்ககிட்ட போய் உயிர்த்தெழுதலுக்கு ஆதாரம் அடுக்குறதும், ஆதியாகமம் முதல் அதிகாரம் பத்தி உண்மையா கேள்வி கேக்குற காலேஜ் பையனை "உபவாசம் இருப்பா, சரியாயிடும்"னு அனுப்புறதும் ரெண்டுமே தப்பு. உங்களுக்கு எதுன்னு ஒரு பேப்பர்ல ஒரே வரியில எழுதுங்க. "கடவுள் இருக்காரான்னு தெரியல"ன்னு எழுத ஆரம்பிச்ச நிறைய பேர் கடைசியில "அப்பா சாகும்போது அவர் ஏன் சும்மா இருந்தார்"னு எழுதி முடிப்பாங்க.

அடுத்தது, எனக்கு தெரிஞ்சு இதுதான் ரொம்ப முக்கியமானது. அந்தக் கோபத்தை கடவுள்கிட்டயே சொல்லுங்க. அவரைப் பத்தி மனசுக்குள்ளயே முணுமுணுத்துக்கிட்டு, அவர் முன்னாடி மட்டும் "ஸ்தோத்திரம் ஆண்டவரே"ன்னு நல்ல பிள்ளையா நிக்குறதுலதான் உள்ள எல்லாம் காய்ஞ்சு போகுது. சங்கீத புத்தகத்துல இருக்குற 150ல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு புலம்பல்தான். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்"னு 13ம் சங்கீதம் ஆரம்பிக்குது, மொத்தமே ஆறு வசனம். 88ம் சங்கீதத்தை எடுத்தா கடைசி வரைக்கும் வெளிச்சமே வராது, சிநேகிதர் எல்லாம் தூரமா போயிட்டாங்கன்னு சொல்லிட்டு அப்படியே முடிஞ்சிடும், ஒரு அல்லேலூயா கூட இல்ல. அப்படி ஒரு ஜெபத்தை வேதத்துக்குள்ள விட்டு வச்சிருக்காருன்னா உங்க ஜெபத்தை கேட்டு அவர் ஷாக் ஆகப்போறதில்ல. சிலுவையில இயேசுவே 22ம் சங்கீதத்தோட முதல் வரியைத்தான் சத்தமா கூப்பிட்டார், "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்"னு.

இதை எப்படி பண்றதுன்னா, எங்க சபையில ஒரு அக்கா பண்ணதை சொல்றேன். வீட்டுக்காரர் திடீர்னு இறந்ததுக்கு அப்புறம் அவங்களால ஜெபிக்கவே முடியல, வாயைத் திறந்தா வார்த்தை வரல. பையனோட பழைய ரஃப் நோட்டுல மிச்சம் இருந்த பக்கங்கள்ல தினமும் ராத்திரி 13ம் சங்கீதத்தை கையால காப்பி பண்ணுவாங்க, அதுக்கு கீழ அன்னைக்கு நடந்ததை ரெண்டு மூணு வரி. அதுல ஒரு பக்கத்தை எனக்கு காட்டினாங்க: "கரண்ட் பில் கட்டியாச்சு. தம்பி அவங்க அப்பா சட்டையை போட்டுக்கிட்டு ஸ்கூல் ஃபங்ஷனுக்கு போனான், கை நீளமா தொங்குச்சு. நீர் எங்க இருக்கீர்." அவ்வளவுதான் ஜெபம். எனக்கு அதைவிட நேர்மையான ஜெபம் கேட்ட ஞாபகம் இல்ல. உங்களுக்கும் வார்த்தை வரலன்னா இதையே செய்யலாம், காப்பி பண்ணக்கூட முடியலன்னா சும்மா உக்காருங்க, ரோமர் 8:26ல ஆவியானவரே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோட நமக்காக வேண்டுதல் செய்றார்னு இருக்கு. மாற்கு 9ல வலிப்பு வந்த பையனோட அப்பா சொன்னாரே, "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்"னு, பாதி நம்பிக்கை பாதி இல்லாமை, ரெண்டையும் ஒரே மூச்சுல சொன்னார், பையன் சுகமானான்.

சபையை விட்டு ஓடிடாதீங்கன்னு சொல்லும்போது நான் தோமாவை நினைச்சுத்தான் சொல்றேன். உயிர்த்தெழுந்த இயேசுவைப் பார்த்த மத்த பத்து சீஷர்களும் "ஆண்டவரைக் கண்டோம்"னு சந்தோஷத்துல இருக்காங்க, இவர் மட்டும் காயத்துல விரலை வைக்காம நம்பமாட்டேன்னு சொல்லிட்டார். யோவான் 20:26ஐ மெதுவா படிச்சுப் பாருங்க, எட்டு நாள் கழிச்சு சீஷர்கள் வீட்டுக்குள்ள இருந்தாங்க, தோமாவும் அவங்க கூடவே இருந்தார். நம்பாத ஆளு நம்புறவங்க கூட எட்டு நாள் அதே கூட்டத்துல இருந்திருக்கார், அவங்களும் இவரை வெளிய தள்ளல. இயேசு வந்தது அந்த வீட்டுக்குத்தான். அதே தோமாதான் இந்தியாவுக்கு வந்தார், பரங்கிமலையில ரத்தசாட்சியா இறந்தார்னு நம்ம பாரம்பரியம் சொல்லுது, இன்னைக்கும் சாந்தோம்ல அவர் கல்லறை மேல கோயில் நிக்குது. பாட முடியலன்னா பாடாதீங்க, கடைசி பெஞ்சுல உக்காருங்க, பிரசங்கம் முடிஞ்சதும் கை குலுக்காம கிளம்புங்க, பரவாயில்ல, ஆனா உடம்பை மட்டும் அங்க கொண்டு போய் வைங்க. மாற்கு 2ல கூரையைப் பிரிச்சு திமிர்வாதக்காரனை இறக்கினப்போ இயேசு "அவர்கள் விசுவாசத்தை" கண்டார்னுதான் எழுதியிருக்கு, சுமந்துட்டு வந்தவங்க விசுவாசத்தையும் சேர்த்துத்தான் பார்த்திருக்கார். சில மாசம் நீங்க அந்த படுக்கையில கிடக்கலாம், மத்தவங்க தூக்கட்டும்.

உடம்பைப் பத்தி நம்ம ஆளுங்க யாரும் பேசமாட்டாங்க. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடி கீழ படுத்து "போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கும்"னு கேட்டப்போ தேவதூதன் வந்து பிரசங்கம் பண்ணல, தட்டி எழுப்பி சாப்பிட சொன்னான், தழல்ல சுட்ட அடையும் தண்ணியும் தலைமாட்டுல இருந்தது. சாப்பிட்டுட்டு திரும்ப படுத்துட்டார். ரெண்டாவது தடவையும் எழுப்பி சாப்பிடத்தான் சொன்னான். ஓரேப் மலையில கடவுளோட மெல்லிய சத்தம் கேட்டதெல்லாம் அதுக்கு அப்புறம்தான். ராத்திரி தூங்காம, சாப்பிடாம, உபவாசம் மேல உபவாசம் எடுத்து விசுவாசத்தை திரும்ப கொண்டு வரப் பாக்குறவங்க இந்த அதிகாரத்தை (1 இராஜாக்கள் 19) முதல்ல படிங்க. வாரக்கணக்கா தூக்கம் வரல, எதுலயும் மனசு ஒட்டல, செத்துரலாம்னு தோணுதுன்னா டாக்டரைப் பாருங்க, உடனே யார்கிட்டயாவது பேசணும்னா 14416க்கு போன் போடுங்க, அது அரசாங்கத்தோட டெலி மானஸ் இலவச உதவி எண், தமிழ்லயே பேசலாம். மாத்திரை சாப்பிட்டா விசுவாசக் குறைவுன்னு யாராவது சொன்னா அந்த ஒரு விஷயத்துல அவங்க பேச்சைக் கேக்காதீங்க, அவங்க எவ்வளவு பெரிய ஊழியக்காரரா இருந்தாலும் சரி.

வாக்குத்தத்த அட்டை பத்தியும் சொல்லணும். புது வருஷ ஆராதனையில கையில வாங்குன வசனம் ஃபிரிட்ஜ் மேல ஒட்டியிருக்கும், ஜூன் மாசம் ஆகும்போது அதைப் பாக்குறப்பவே எரிச்சலா வரும். எரேமியா 29:11, "சமாதானத்துக்கேதுவான நினைவுகளே"ன்னு வருமே, எத்தனை வீட்டுல மாட்டியிருக்காங்க. அது பாபிலோனுக்கு சிறைபிடிச்சு கொண்டு போகப்பட்டவங்களுக்கு எழுதின கடிதம், அதுக்கு முந்தின வசனத்தையும் சேர்த்து படிங்க, பாபிலோன்ல எழுபது வருஷம் நிறைவேறின பின்னாடின்னு இருக்கு. அதை முதல்ல கேட்ட பெரியவங்கள்ல நிறைய பேர் ஊர் திரும்பாமலேயே அங்கயே கண்ணை மூடியிருப்பாங்க, இருந்தும் வீடு கட்டுங்க, தோட்டம் போடுங்க, பிள்ளைகளுக்கு கல்யாணம் பண்ணுங்கன்னு அதே கடிதத்துல சொல்றார். ஒரு வசனத்தை எடுத்துக்கிட்டா அந்த அதிகாரம் முழுசையும் எடுத்துக்கோங்க, அப்போ டிசம்பர் 31க்குள்ள நடக்கலன்னா கடவுள் பொய் சொல்லிட்டார்ங்கிற கணக்கு வராது.

படிச்சு வர்ற கேள்விகளுக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு யூடியூப் டிபேட் பாக்காதீங்க, ரெண்டு பக்கமும் கத்துறதுதான் மிஞ்சும். ஒரு நேரத்துக்கு ஒரு கேள்வி எடுங்க. மதுரை அரசரடி இறையியல் கல்லூரி, சென்னை குருகுல் மாதிரி இடங்கள்ல படிச்ச ஆயர்கள் இந்தக் கேள்விகளை எல்லாம் வகுப்புலயே பார்த்திருப்பாங்க, பிரசங்கத்துல சொல்ல மாட்டாங்க, தனியா கேட்டா மனசு விட்டு பேசுவாங்க. கேக்கவே பயமா இருந்தா ஜெயில்ல இருந்த யோவான்ஸ்நானனை நினைச்சுக்கோங்க, "வருகிறவர் நீர்தானா"ன்னு இயேசுகிட்ட ஆள் அனுப்பிக் கேட்டவர், அவரைத்தான் ஸ்திரீகளிடத்தில் பிறந்தவங்கள்ல பெரியவர்னு இயேசு அதே இடத்துல சொன்னார்.

சபையில பட்ட காயம்னா நான் மழுப்பமாட்டேன். சாதிக்கொரு கல்லறை வச்சிருக்கிற ஊர்கள் நம்மகிட்ட இருக்கு, திருமண்டல (டயோசிஸ்) தேர்தல்ல நடக்குற கூத்து ஊருக்கே தெரியும், வியாதியில இருக்குற வீட்டுல போய் "ஏதோ பாவம் இருக்கு"ன்னு சொல்ற ஊழியக்காரங்களும் இருக்காங்க. பிறவிக்குருடனைப் பாத்து "யார் செய்த பாவம்"னு சீஷர்கள் கேட்டப்போ இவனும் இல்ல, இவனைப் பெத்தவங்களும் இல்லன்னு இயேசு தெளிவா சொல்லிட்டார். எல்லாத்தையும் இழந்து தவிச்ச யோபுவோட புத்தகத்துல, கடைசி அதிகாரத்துலயும் கர்த்தர் கோபப்பட்டது கத்திக் கேள்வி கேட்ட யோபு மேல இல்ல, கர்த்தருக்காக வக்காலத்து வாங்கின யோபுவோட சிநேகிதங்க மேல. அதனால காயம் பண்ண இடத்துலயே கிடக்கணும்னு நான் சொல்லமாட்டேன், வேற சபைக்கு போங்க, சின்னதா ஒரு வீட்டு ஜெபக்குழு கிடைச்சாலும் போதும், ஆனா தனியா மட்டும் நிக்காதீங்க.

சிலருக்கு நிலைமை மாறாமலே போகும், அதையும் சொல்லியாகணும். தோனாவூர்ல பிள்ளைகளை வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மா 1931ல ஒரு குழியில விழுந்து அடிபட்டாங்க, 1951ல இறக்குற வரைக்கும் பெரும்பாலும் தன் அறையிலயேதான் இருந்தாங்க. சுகம் வரல. அங்க படுத்துக்கிட்டே எழுதினாங்க, பிள்ளைங்க ஒவ்வொருத்தரா வந்து பேசிட்டு போனாங்க. அன்னை தெரசாவோட கடிதங்கள் 2007ல வெளிவந்தப்போ பல வருஷம் அவங்களுக்கு கடவுள் பக்கத்துல இருக்குற உணர்வே இல்லன்னு உலகத்துக்கு தெரிஞ்சது, அந்த வருஷங்கள் முழுக்க விடியக்காலையில ஜெபத்துக்கு எழுந்து, தெருவுக்கு போய், ஆளுங்களை தூக்கிட்டு வந்துட்டுதான் இருந்தாங்க. உணர்வு திரும்ப வர்ற வரைக்கும் எல்லாத்தையும் நிறுத்தி வைக்காதீங்க. அளவை குறைச்சுக்கோங்க, ஒரு மணி நேரம் ஜெபிச்சவங்க பரமண்டல ஜெபம் ஒண்ணை மட்டும் சொல்லுங்க, தினமும் நாலு அதிகாரம் படிச்சவங்க சுவிசேஷத்துல பத்து வசனம் படிங்க, திருவிருந்துக்கு மட்டும் தவறாம போங்க.

உங்க வீட்டுலயோ சபையிலயோ இப்படி ஒருத்தர் இருந்தா, தயவுசெஞ்சு "எல்லாம் தேவசித்தம்"னு வாட்ஸ்அப்ல வசனம் அனுப்பாதீங்க. யோபுவோட சிநேகிதங்க உருப்படியா செஞ்சது அந்த முதல் ஏழு நாள்தான், தரையில கூட உக்காந்தாங்க, ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசல. குழம்பு வச்சு கொண்டு போங்க, பிள்ளைங்களை டியூஷனுக்கு கூட்டிட்டு போங்க, ஜெபிக்கலாமான்னு ஒரு தடவை கேளுங்க, வேணாம்னு சொன்னா விட்டுட்டு டம்ளரை கழுவி வச்சுட்டு வந்துடுங்க. அடுத்த வாரமும் போங்க.